மீதி அரை மில்லி

சாவி முப்பிடாதியின் இடுப்பில் இருக்கிறது.
அவளுக்கு இருபத்திமூன்று, எனக்கு நாற்பத்தொன்று.
பூட்டிய அலமாரிப் பக்கம் தனியாகப் போகமாட்டேன் என்று
நான் எழுதிக்கொடுத்த தாள்
டாக்டர் ஆவுடைநாயகத்தின் மேசைக் கண்ணாடிக்கு அடியில்,
நெல்லையப்பர் படத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே.

முக்கூடல். பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி.
ஜன்னலைத் திறந்தால் புகையிலைத் தூள் நெடி.
பாளையங்கோட்டையில் மூன்று வார்டை
ராத்திரியில் கட்டி மேய்த்தவள்
இங்கே பெட்பேன் கழுவுகிறேன், காய்ச்சல் சீட்டு எழுதுகிறேன்,
ஐந்தேகால் பஸ்ஸில் வீடு திரும்புகிறேன்.
நைட் டூட்டி கிடையாது.
அதுவும் தாளில் இருக்கிறது.

மருந்தைத் திருடவில்லை, மீதியைத்தான் எடுத்தேன்
என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒரு ஆம்பியூல் உடைத்து பாதி போட்டால் பாதி மிஞ்சும்.
'அரை மில்லி கொட்டப்பட்டது.'
பதிவேட்டில் என் முத்து முத்தான எழுத்து.
முதலில் மிஞ்சியதை எடுத்தேன்.
அப்புறம் மிஞ்சும்படி கொடுத்தேன்.
அப்புறம்
ஒன்பதாம் கட்டில், தொடையெலும்பு முறிந்தவர்,
விடிய விடிய அனத்தினார்.
"ஊசி போட்டாச்சுல்லா, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.
போட்டது உப்புத்தண்ணி.
அவர் பெயர் எனக்குத் தெரியும்.
இங்கே எழுதமாட்டேன்.

நாலு மாதம் மருத்துவமனை, இரண்டு வருஷம் வீடு,
பதிவைத் திரும்ப வாங்க சென்னைக்கு மூன்று நடை.
சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார் பாஸ்டர்.
தொண்டை சரியில்லை என்றேன்.

மாதத்தின் முதல் திங்கள்
கதவைச் சாத்தாமல் மூத்திரம் பிடித்துக் கொடுக்க வேண்டும்,
ஆள் நின்று பார்க்க வேண்டும்.
முதல் தடவை முப்பிடாதி பாதி திரும்பி நின்றுகொண்டு
போனில் யாரிடமோ சத்தமாக
மீன் விலை பேசினாள்.
மறுமுனையில் யாரும் இல்லை.
அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை நான்.

ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்த ஒரு பகலில்
சுடலைவடிவைத் தூக்கி வந்தார்கள்.
வாந்தி, பேதி, பிரஷர் அறுபது.
இலை மடக்கி மடக்கிக் காய்ப்பேறிய விரல்கள்,
சில்லிட்டுக் கிடந்தன.
முப்பிடாதி மூன்று இடத்தில் குத்திவிட்டாள்.
"நரம்பு கெடைக்க மாட்டேங்கு அக்கா."

நான் குனிந்தேன்.
வற்றிய நரம்பு எங்கே போய் ஒளியும் என்று
என் விரலுக்குத் தெரியும்.
பெருவிரல் அடியில், கணுக்காலின் உள்பக்கம்,
தோல் கொஞ்சம் நீலம் காட்டி ஏமாற்றும் மடிப்பில்.
பாடத்தில் படித்ததல்ல அது.
குளியலறையில், பல்லில் ரப்பரைக் கடித்துக்கொண்டு
என் உடம்பிலேயே துழாவிப் படித்தது.

ஒரே குத்து. ரத்தம் எட்டிப் பார்த்தது.
சொட்டு இறங்கத் தொடங்கியது.
"நல்ல கைராசி தாயி ஒனக்கு" என்றார் அவள் வீட்டுக்காரர்.
அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல்
ட்ரேயை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் கல்குவாரிப் பையன் ஒருவன், நசுங்கிய கால்.
பெத்தடின் பாதி அளவு போடச் சொன்னார் டாக்டர்.
மீதியைக் கொட்ட இன்னொரு கண் வேண்டும்.
முப்பிடாதி சிரிஞ்சைப் பிடித்தபடி
டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் என்னைப் பார்த்தார்.
"தாள்ல, தனியான்னுதான போட்டிருக்கு" என்றார்.

குழாயைத் திறந்தேன்.
அரை மில்லி, கண்ணாடி மாதிரி,
இழையாக இறங்கித் தண்ணீரில் காணாமல் போனது.
நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
பதிவேட்டில் 'சாட்சி' என்று அச்சடித்த கட்டத்தில்
ஜெபக்கனி என்று எழுதினேன்.
கோணல்மாணலாக வந்தது.

"குழாய மூடுங்கக்கா,"
என்றாள் முப்பிடாதி,
"டேங்க்ல தண்ணி இல்ல."